புகார் கொடுப்பது புறம் பேசுவதா?

எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைக்கு முதலில் அறிமுகமாகும் பாவம் புறம் பேசுவதுதான். இறந்துபோன சகோதரனின் இறைச்சியைத் தின்பதோடு குர்ஆன் அதை ஒப்பிடுகிறது என்பதை ஓதப்போகும் வயதிலேயே கேட்டுவிடுகிறோம். அதை நெஞ்சில் வைத்து வளர்ந்த பிள்ளை முனைவர் பட்ட ஆய்வில் சேர்கிறாள். கைடு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடாததைப் பேசுகிறார். நடுராத்திரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாததை அனுப்புகிறார். உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான், சினாப்சிஸைப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவள் வாயைத் திறந்தால் அது புகாரா, புறமா?

பொருளியல் கற்பித்த காலத்தில் பல்கலைக்கழகத்தின் உள்ளகப் புகார்க் குழுவில், மாணவிகள் சொல்கிறபடி விசாகா கமிட்டியில், நான் உறுப்பினராக இருந்தேன். விசாரணை அறையில் கேட்டதை வெளியே சொல்லச் சட்டமும் அனுமதிக்காது, அமானத்தும் அனுமதிக்காது. அறைக்கு வெளியே, வராந்தாவில், ஒரு தாய் கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

“டீச்சர், அந்த சாருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. அடுத்தவங்க குறைய நாம மறைச்சா நம்ம குறைய அல்லாஹ் மறைப்பான்னு ஹதீஸ் இருக்கே. எம்மவ எழுதிக் குடுத்துட்டா மறுமையில என்ன பதில் சொல்றது?”

மறுமையை மெய்யாகவே நம்புகிறவரின் அச்சம் அது. சட்டப் பிரிவுகளைக் காட்டி அதை ஆற்ற முடியாது. மார்க்கத்துக்குள்ளிருந்துதான் பதில் வர வேண்டும். பதில் இருக்கிறது.

குர்ஆனின் 58ஆவது அத்தியாயத்துக்கு ‘அல்முஜாதிலா’, அதாவது வாதிட்ட பெண், என்று பெயர். அந்தப் பெண் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி). நீ எனக்குத் தாயின் முதுகைப் போன்றவள் என்று கணவர் சொல்லிவிட்டார். அன்றைய அரபு வழக்கில் அப்படிச் சொல்லப்பட்டவள் மனைவியாகவும் வாழ முடியாது, விடுதலையும் பெற முடியாது. கவ்லா நபிகளிடம் (ஸல்) வந்து முறையிட்டார். கணவரின் மானம் போகுமே என்று விழுங்கிக்கொள்ளவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதே வீட்டில் இருந்த தனக்குக்கூட அந்தப் பேச்சில் சில சொற்கள் காதில் விழவில்லை என்கிறார் ஆயிஷா (ரலி). அல்லாஹ் கேட்டுவிட்டான் என்றுதான் அத்தியாயமே தொடங்குகிறது. ஒரு பெண்ணின் முறையீட்டை இவ்வளவு உயரத்தில் வைத்த வேதத்தை ஓதுகிற வீட்டில், முறையிடுவதே குற்றம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

4ஆவது அத்தியாயத்தின் 148ஆவது வசனம் இன்னும் தெளிவானது. தீய பேச்சைப் பகிரங்கமாகப் பேசுவதை இறைவன் விரும்புவதில்லை என்று சொல்லும்போதே, அநீதி இழைக்கப்பட்டவரை அதிலிருந்து அது விலக்கிவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி, ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை வரிசைப்படுத்துகிறார். முதலாவதே, அநீதிக்குள்ளானவர் அதிகாரமுள்ளவரிடம் முறையிடுவது. அவருக்கு முன்பே இமாம் கஸ்ஸாலியும் இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாய் சொன்ன ஹதீஸ் உண்மையானதுதான். ஆனால் தீங்கு செய்வதை வழக்கமாகக் கொண்டவனை மறைப்பதற்கு அது பொருந்தாது, அவனை அதிகாரத்திடம் கொண்டுபோவதே நல்லது என்று அதே நவவி விளக்குகிறார். காரணம் எளிது. இன்று இவள் மறைத்தால், அடுத்த ஆண்டு அதே அறைக்குள் இன்னொருத்தி போவாள்.

“நாலு சாட்சி இருக்கா?” என்று கேட்கிற ஆண்களையும் பார்த்திருக்கிறேன். நான்கு சாட்சிகள் கேட்கப்படுவது விபச்சாரக் குற்றச்சாட்டுக்கு. கற்புள்ள பெண்கள்மீது அவதூறு சுமத்துவோரைத் தண்டிக்க வந்த வசனம் அது. பெண்ணின் மானத்துக்குக் காவலாக வந்ததை அவள் வாய்க்குப் பூட்டாக்குவது பெரும் அநியாயம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும், புகாரை நிரூபிக்க இயலவில்லை என்பதாலேயே அது பொய்ப்புகார் ஆகிவிடாது என்கிறது.

எதிர்த்தரப்புக்கும் உரிமை உண்டு. மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்று அலீக்கு (ரலி) நபிகள் (ஸல்) அறிவுறுத்தியிருக்கிறார். இத்தகைய புகாரில் கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்ததை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்தது. விசாரணைக் குழு அவசர அவசரமாக நடத்தி, அவர் தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்பதே காரணம். முறையாக விசாரிக்காத குழு, புகார் கொடுத்த பெண்களுக்கே துரோகம் செய்கிறது. இதை நான் குழுவில் ஒவ்வொரு முறையும் வற்புறுத்தியிருக்கிறேன்.

வராந்தாவில் இதில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. பிறகு அந்தத் தாய்க்கு நான் விளக்கியவை நடைமுறைக் காரியங்கள். விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் மகளின் ஆய்வை மதிப்பிடாதபடி தடுக்கும்படி குழுவைக் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் அதற்கு இடமிருக்கிறது. எழுதத் திணறினால் குழுத் தலைவியோ உறுப்பினரோ உதவ வேண்டும். மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால், மாணவர்களே தேர்ந்தெடுத்த மூன்று பிரதிநிதிகளும் குழுவில் இருப்பார்கள். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். விசாரணைக்கு முன்பு சமரசம் என்று ஒரு வழி இருக்கிறது. அதை அவள் கேட்டால்தான் உண்டு, மற்றவர்கள் திணிக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஆலிம்களே, ஜும்ஆ பயானில் புறம் பேசுவதன் பாவத்தைச் சொல்லும்போது, நவவி சொன்ன அந்த முதல் விலக்கையும் கூடவே சொல்லுங்கள். மேல்தளத்திலும் திரைக்குப் பின்னாலும் உட்கார்ந்து கேட்கும் உம்மாமார்களுக்கு அது தெரிய வேண்டும். உம்மாமார்களே, பிள்ளை சொன்னால் அன்றைக்கே அவளோடு உட்கார்ந்து தேதி, இடம், சொன்ன சொல் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க விடாதீர்கள். புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம் மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம், அதற்கு மேல் இல்லை.