அருளும் ஆயத்தமும்

"எல்லாம் அவன் செயல்" என்பது சைவ மக்களின் நாவில் எப்போதும் நிற்கும் வார்த்தை. மழை பெய்தாலும், பெய்யாமற் போனாலும், பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தாலும் அதையே சொல்வார்கள். நல்ல வார்த்தைதான். ஆயினும் கூரையைப் பழுதுபார்க்காமலும், வானொலியின் எச்சரிக்கையைக் காதில் வாங்காமலும் இருந்துவிட்டு, வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் அதே வார்த்தையைச் சொல்வது பக்தியா, சோம்பலா?

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர்களுள் நாள்தோறும் விளக்கேற்றி வணங்கியவர்கள் எத்தனையோ பேர். "அவர்கள் செய்த வினை" என்று அயலிலிருந்து சொல்லிவிடுவது எளிது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன் வாயால் அதைச் சொன்னால் ஆறுதல். மற்றவர் அவளிடம் சொன்னால் கொடுமை.

ஆழிப்பேரலை விடயத்தில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபின், அலை இலங்கையின் கிழக்குக் கரையை வந்தடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்கள் சென்றன. அந்த நேரத்துக்குள் கரையோர மக்களுக்குச் சேதி சொல்ல அன்று ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. நிலம் நடுங்கியதை விதி எனலாம். சேதி வராததையும் விதி என்று எப்படிச் சொல்வது? 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறி, அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்தது. அதன் அவசர இலக்கம் 117. அந்த இலக்கம் எழுதி ஒட்டப்பட்ட சுவர் எத்தனை வீடுகளில் உண்டு?

அப்பரடிகள் கல்லோடு கடலில் மிதந்தாரே என்று சிலர் கேட்பர். பெரியபுராணத்தின்படி அவர் தாமாகக் கடலில் இறங்கவில்லை. பல்லவ மன்னனின் ஆணையால் கல்லிற் பிணித்துத் தள்ளப்பட்டார். வேறு வழியற்ற இடத்தில் அருள் தாங்கியது. மற்றைய நாளெல்லாம் அவர் கையில் இருந்தது உழவாரம். புல் முளைத்துக் கோயில் சிதையுமுன் செதுக்குகின்ற கருவி அது. ஆலயத்துக்கும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாலஸ்தாபனம் செய்து, திருப்பணி முடித்து, கும்பாபிஷேகம் நடத்துவது வழக்கம். சுவாமி இருக்கும் கட்டடத்தையே இறைவன் பார்த்துக்கொள்வான் என்று ஒருவரும் விட்டுவிடுவதில்லை.

பழையவர்கள் மாரிக்கு முன் கிடுகு மாற்றிக் கூரை வேய்ந்தார்கள். விறகை மழை படாத இடத்தில் அடுக்கினார்கள். வடக்கில் ஒடியலும் புழுக்கொடியலும் காயவைத்துச் சேமித்தார்கள். அதை யாரும் நம்பிக்கைக் குறைவு என்று சொன்னதில்லை. இன்று அதோடு வேறு சிலவும் சேர்கின்றன. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி ஓரிடத்தில் வைத்தல், டோர்ச் லைற், கொதிக்கவைத்த நீர், கிளினிக் கொப்பியோடு ஒரு கிழமைக்குக் காணும் மருந்து, வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் மரக்கிளையை வெட்டுதல். பெரிய செலவு இல்லை. கடல்நீர் புகுந்த கிணற்றை உடனே முழுவதும் இறைத்துவிடக் கூடாது என்பதும் 2004இன் பின் கற்ற பாடம்; அளவுமீறி இறைத்த கிணறுகள் சில இடிந்தன, சிலவற்றில் உவர் இன்னும் ஏறியது.

பை ஆயத்தமானால் போதுமா என்பதுதான் கடினமான கேள்வி. அலையோ வெள்ளமோ வரும்போது கை இரண்டே. ஒன்றில் பை, மற்றதில் பிள்ளை என்றால், நடக்க முடியாத ஆச்சியைத் தூக்குவது யார்? இதை அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க எவராலும் முடியாது. எடுத்தாலும் பின்பு காலமெல்லாம் மனம் உறுத்தும். ஆச்சியும் இருக்கும்போதே, அவர் காது கேட்க, குடும்பத்தார் இதைப் பேசிவைக்க வேண்டும். "என்னை விட்டுவிட்டு ஓடுங்கோ" என்று அவர் சொல்வார். அதை ஏற்றுக்கொள்ளாத வழியொன்றைத் தேடத்தான் அந்தப் பேச்சு.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயோதிபர் தனித்திருக்கும் வீடுகள் கோயிலைச் சுற்றியே பல. திருவிழாக் காலத்தில் எந்த வீட்டுக்கு எந்த நாள் உபயம் என்று மாதக்கணக்கில் முன்னரே பேசி எழுதிவைக்கும் ஊரார், அந்தக் கதவுகளை முதலில் தட்டப் போவது யார் என்பதையும் ஐப்பசி பிறக்குமுன் எழுதிவைத்திருக்கிறார்களா?