பச்சை விளக்கு யாருக்காக?

ஒரு முதியோர் இல்லத்துக்கு நன்கொடை தர அதன் வெப்சைட்டுக்குப் போகிறீர்கள். கட்டத்தில் 1000 என்று டைப் செய்கிறீர்கள். சேவைக் கட்டணம் 50. மொத்தம்? 1050 என்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் 100050 என்று சொன்னாலும் சொல்லும்! பயப்படாதீங்க. கட்டத்தில் அடித்த 1000 அதற்கு எண் இல்லை, வெறும் எழுத்து. அதோடு 50-ஐக் கூட்டச் சொன்னால், பக்கத்தில் ஒட்டவைத்துவிடும்.

இந்த மாதிரி வில்லங்கத்தைப் பிடிக்கத்தான் யூனிட் டெஸ்ட். ஜெஸ்ட் போன்ற இலவசக் கருவியை நிறுவி, ‘இதைக் கொடுத்தால் இது வரவேண்டும்’ என்று தனிக் கோப்பில் எழுதிவைப்பார்கள். அதன்பிறகு புரோகிராமில் யார் கை வைத்தாலும் அத்தனை டெஸ்ட்டும் தானாக ஓடும்படி செய்துவிடலாம். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு.

ரொம்ப நல்ல ஏற்பாடு. என்ன, பரீட்சை எழுதுகிறவரேதான் பெரும்பாலும் கேள்வித்தாளும் தயாரிக்கிறார்!

1000-ஐ எழுத்தாகக் கொடுக்காமல் எண்ணாகவே கொடுத்து டெஸ்ட் எழுதினால், பச்சை. விடையைச் சரிபார்க்கும் வரியே இல்லாமல் புரோகிராமைச் சும்மா ஓட்டிவிட்டாலும் ஜெஸ்ட்டில் பச்சைதான். ‘கவரேஜ்’ 100 சதவிகிதம்கூடக் காட்டும். ஸ்நாப்ஷாட் டெஸ்ட் என்று இன்னொன்று. பழைய விடையைப் பதிந்துவைத்துப் புதியதோடு ஒப்பிடும். சிவப்பு வந்தால் ‘யு’ பட்டனைத் தட்டினால் போதும், புதிய விடையே சரியான விடையாகிவிடும்.

இதில் யார் பொய் சொன்னது? வாய்திறந்து யாரும் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழைய கதை. மெஷின் வாங்கிய பணத்தை ரிப்பேர் செலவில் எழுதினாலும் டிரையல் பேலன்ஸ் ஜம்மென்று டேலி ஆகும். டேலி ஆனதாலேயே கணக்கு சுத்தம் என்று ஆகிவிடாது.

‘எல்லாவற்றையும் சோதிக்க நேரம் ஏது சார்?’ என்பார்கள். நியாயம்தான். சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாமே தவிர, பிழையே இல்லை என்று நிரூபிக்க முடியாது என்று கணினி மேதை டைக்ஸ்ட்ரா 1970-லேயே எழுதிவிட்டார். ஆகவே சோதிக்காமல் விட்டது குற்றமில்லை. சோதிக்காததைச் சோதித்ததாகக் காட்டுவதுதான் குற்றம். அந்தப் பச்சையை நம்பித்தான் அடுத்தவர் வேலை செய்கிறார். முகம் தெரியாத ஒருவர் பணம் கட்டுகிறார்.

உங்கள் வீட்டிலேயே ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர் இருக்கலாம். புரோகிராமில் ஒரு கூட்டலை வேண்டுமென்றே கழித்தலாக மாற்றி, டெஸ்ட்டை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் பச்சையே எரிந்தால், அது யாருக்காக எரிகிறது என்று கேளுங்கள்.