ஜீரோ பாத்துக்கங்க

சென்னை சி.டி.எச். ரோட்டில் பெட்ரோல் பங்க். டேங்க் மூடியைத் திறந்ததும் பையன் சொல்கிறான்: "ஜீரோ பாத்துக்கங்க சார்." பார்க்கிறேன். பார்க்காவிட்டால் ஏமாந்துவிடுவோம் என்ற பயம் நமக்கு வண்டி வாங்கிய அன்றே வந்துவிடுகிறது. இருநூறு ரூபாய்க்கு இரண்டு லிட்டர்கூட முழுதாக வருவதில்லை. என் கணக்கு முடிந்ததும் அடுத்த வண்டிக்காக மீட்டர் மறுபடியும் பூஜ்ஜியத்தில் வந்து நிற்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அது எரிந்து வெளியேறும் கரியமில வாயுவின் எடையோ 2.3 கிலோ. கணக்கில் பிசகில்லை, பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறது. அப்படிக் கிளம்பியதில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கழித்தும் மேலேயே இருக்கும். வானத்தின் மீட்டருக்குப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் பழக்கம் கிடையாது.

அந்த மீட்டரில் நம் நாட்டின் பங்கைத் தேடினால் ஏறுமுகமான ஒரு கோடு கிடைக்கும். 1970-71இல் இந்தியா செலவிட்ட பெட்ரோலியப் பொருட்கள் ஏறக்குறைய 1.8 கோடி டன். 2000-01இல் 10 கோடி டன். 2023-24இல் 23 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இன்று எண்ணெயால் மட்டும் ஆண்டுக்கு 60 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு. நிலக்கரியின் கணக்கு இதைவிடப் பெரிது, அது வேறு கதை. தலைக்கு வகுத்துப் பார்த்தால் எண்ணெய்க் கணக்கில் ஓர் இந்தியருக்கு அரை டன் அளவு. ஓர் அமெரிக்கருக்கு ஆறு டன்னுக்கு மேல். இதைச் சொல்லி நாம் ஆறுதல் அடைவதுண்டு. எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. கோடு ஏன் ஏறுகிறது என்பதற்கு அதில் பதில் இல்லையே.

பதில் எங்கள் ஊரிலேயே கிடக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அம்பத்தூர் சைக்கிள் செய்த ஊர். முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1950களின் தொடக்கத்திலிருந்து இங்கே ஹெர்குலஸும், பின்னர் பி.எஸ்.ஏ.வும் செய்து நாடெங்கும் அனுப்பியது. பக்கத்து ஆவடியில் 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. சில ஆண்டுகளில் அதே ஆவடிக்கு டாங்க் தொழிற்சாலை வந்தது. (ஒரு லிட்டர் டீசலுக்கு அரை கிலோமீட்டர்கூட நகராத வண்டி டாங்க். மைலேஜ் கேட்காமல் வாங்கப்படும் வாகனம் அது ஒன்றுதான்.) 1960களின் நடுவில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை. அப்பா அங்கே ஒரு லேத் பட்டறையில் இருந்தார். மேனாம்பேட்டில் வாடகை வீடு. சைக்கிளில் பத்து நிமிஷத்தில் வேலை. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்து, ஒரு கண் அயர்ந்துவிட்டுப் போவார். அவரை யாரும் சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று சொன்னதில்லை. வேலை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரகடத்தில் வேலை. பட்டாபிராமில் வீடு. போகவர எழுபது, எண்பது கிலோமீட்டர். அம்பத்தூரில் மனை விலை கைக்கு எட்டவில்லை, பட்டாபிராமில் எட்டியது. அந்த மனையைப் பதிவு செய்த அன்றே அடுத்த முப்பது வருஷத்துப் பெட்ரோலையும் சேர்த்துத்தான் வாங்கினேன். பத்திரத்தில் அதை எழுதவில்லை. நாட்டின் பெட்ரோல் செலவு 2000-01இல் 66 லட்சம் டன். 2023-24இல் 3.7 கோடி டன். அந்தப் பெருக்கத்துக்குள் எத்தனை லட்சம் மனைப் பத்திரங்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றனவோ!

டீசலுக்கும் ஒரு கதை உண்டு. ஜெனரேட்டர் காலத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008இலிருந்து ஐந்தாறு வருஷம் கரண்ட் கட் தமிழ்நாட்டைப் பிடித்து ஆட்டியது. கரண்ட் போன மறு நிமிஷம் ஒரு ஷெட்டில் டுபுடுபு என்று ஆரம்பிக்கும், பிறகு பக்கத்து ஷெட்டில், அப்புறம் தெரு முழுக்க. டீ கிளாஸ் மேல் கரி படியும். அப்பா அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பழைய பட்டறைக்குப் போய்வந்து, "டீசல் செலவு போக ஓனர் கையில ஒண்ணும் நிக்கலடா" என்றார். டீசல் கரண்ட், வாரியத்தின் கரண்டைவிட மும்மடங்கு விலை. யாரும் ஆசைப்பட்டு அதை எரிக்கவில்லை. மின்வாரியத்தால் முடியாததை டீசல் செய்துகொடுத்தது.

இங்கிருந்துதான் எனக்கு அந்தக் கோடு வேறாகத் தெரிய ஆரம்பித்தது. கம்பியில் கரண்ட் வராத இடத்தில் டீசல். அடுப்புக்கு கேஸ் வராத வீட்டில் மண்ணெண்ணெய். பஸ் வராத தெருவில் பெட்ரோல். பள்ளத்தைத் தேடிப் போகும் தண்ணீர் மாதிரி, ஊர் எதைத் தராமல் விட்டதோ அந்தப் பள்ளத்தில் எண்ணெய் போய் நிற்கிறது. மேலே டன் டன்னாக எழுதியிருப்பதெல்லாம் இப்படித் தராமல் விட்டவற்றின் கூட்டுத்தொகை.

என் அக்கா தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடியும் நேரத்தில் ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு வர முடியாமல் ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு மானியத்தில் வண்டி கொடுத்தபோது அவளுடன் வேலை பார்த்தவர்களில் சிலரும் வாங்கினார்கள். கோடு ஒரு நூலிழை ஏறியிருக்கும். அக்கா இரவு ஒன்பது மணிக்குத் தனியாக வீட்டுக்கு வரத் தொடங்கியதும் அந்த நூலிழையில்தான் இருக்கிறது. அதை நான் குற்றமென்று எழுத மாட்டேன். 2021இல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. பகல் ஷிப்ட் இருக்கும் நாட்களில் ஸ்கூட்டி இப்போது வீட்டிலேயே நிற்கிறது. அவளுக்கு யாரும் புவி வெப்பமாவது பற்றி வகுப்பெடுக்கவில்லை.

இறங்கினால் நல்லது, ஏறினால் கெட்டது என்று அந்தக் கோட்டை வாசித்துவிட முடியாது. இருபது வருஷங்களுக்கு மேலாக இறங்காமலிருந்தது ஒரே ஒரு முறை சரிந்தது: 2019-20இல் 21.4 கோடி டன், 2020-21இல் 19.4 கோடி டன். கொரோனா ஊரடங்கில் மாடியில் நின்று வானம் எவ்வளவு நீலமாக இருக்கிறது பார் என்று படம் எடுத்துப் போட்டோம். அதே வாரங்களில் அம்பத்தூர், ஆவடிப் பட்டறைகளில் வேலையிழந்த வடமாநிலப் பையன்கள் ஊருக்குப் போக வழி தெரியாமல் அறைகளில் கிடந்தார்கள். கோடு இறங்கியது, தேவை அப்படியே இருந்தது. பூட்டைத் திறந்ததும் பழையபடி ஏறிவிட்டது.

இன்னொரு இறக்கமும் உண்டு. அதைப் பற்றிப் பேச ஆளில்லை. நாடு 2000-01இல் 1.1 கோடி டன்னுக்கு மேல் மண்ணெண்ணெய் எரித்தது. 2023-24இல் 5 லட்சம் டன் அளவுதான். இருபது வருஷத்தில் ஓர் எண்ணெய் கிட்டத்தட்ட இல்லாமலேயே போய்விட்டது! எங்கள் வீட்டில் அதற்குக் கிருஷ்ணாயில் என்று பெயர். ரேஷன் கடையில் "கிருஷ்ணாயில் வந்திருக்கு" என்ற குரல் தெருவில் கேட்டால் அம்மா உலையை இறக்கிவிட்டு ஓடுவார். வரிசையில் கேன்கள் நிற்கும். கேன் இல்லாதவர்களுக்காக ஒரு செங்கல் நிற்கும். நீலச் சாயம் போட்ட எண்ணெய். பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்த வேண்டும், இரவு சோற்றில்கூட அந்த வாடை. அது போன அன்று யாரும் ஊர்வலம் நடத்தவில்லை, தியாகம் செய்ததாகவும் சொல்லிக்கொள்ளவில்லை. கேஸ் வந்தது, கரண்ட் நிலைத்தது, அது கழன்றுகொண்டது. (கேஸும் எண்ணெய் வீட்டுப் பிள்ளைதான், பாதிக்கு மேல் இறக்குமதி. அதைப் புனிதராக்கும் உத்தேசம் எனக்கில்லை.)

2070இல் நிகர பூஜ்ஜியம் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்தார். அந்தப் பூஜ்ஜியத்தை எந்த மீட்டரில் பார்ப்பது என்று எனக்குப் பிடிபடாமலே இருந்தது. இப்போது சில சின்ன இடங்களில் பார்க்கிறேன். பூந்தமல்லியில் மெட்ரோ தூண்கள் எழும்பி 2025 மார்ச்சில் முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டமும் நடந்தது. சைக்கிள் செய்த அதே குழுமம் இப்போது அம்பத்தூரில் மின்சார ஆட்டோ செய்கிறது. 1979இல் திருவள்ளூர் வரை மின்சார ரயில் வந்ததால்தான் பட்டாபிராமில் வீடு கட்டும் துணிச்சலே எங்களுக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் வேண்டிய கரண்டில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். ஒரகடத்துக்கு மட்டும் ரயில் இல்லை. அதனால் பங்கில் நிற்கிறேன்.

போன மாதம் அப்பாவின் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கினேன். செயினில் துரு ஏறிக் கல்லாகிக் கிடந்தது. "கிருஷ்ணாயில்ல ஊறப்போடு, விட்டுடும்" என்றார் அம்மா. ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரேஷன் கடையில் சிரித்தார்கள். ஹார்டுவேர் கடையில் இருபது வயதுப் பையன் பெயரை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னான்.

"மண்ணெண்ணெய் தம்பி. ஸ்டவ்வுக்கு ஊத்துவாங்கள்ல?"

"ஸ்டவ்வுக்கு எதுக்கு சார் எண்ணெய்?" என்றான்.