பெயர்ந்த ஊர்களும் பிரிந்த சொற்களும்

1986 ஆகஸ்ட் மாதத்தில், அத்திலாந்திக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கு மேற்பட்ட ஈழத்தமிழரை மீட்டோர், கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவு மீனவர் ஆவர். அம்மீனவ மக்களின் வரலாறும் ஓர் இடப்பெயர்வு வரலாறே என்பதை நம்மிற் சிலரே அறிவர்.

1954 முதல் 1975 வரை அத்தீவின் கரையோரச் சிற்றூர்களில் ஏறத்தாழ 300 கைவிடப்பட்டன. ஏறக்குறைய 30,000 பேர் அரசாங்கத் திட்டங்களின்கீழ் வேறூர்களிற் குடியமர்ந்தனர். தம் வீடுகளையே கடலில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்றோரும் உளர்.

பாதையற்ற ஊரவருக்குப் பாடசாலையும் வைத்தியமும் கிடைத்தல் வேண்டும் என்ற நோக்கம் தவறன்று. நோயுற்ற பிள்ளையுடன் தவித்த தாய்க்கு இடமாற்றம் விடுதலையாகவே தோன்றியிருக்கும். எவரும் படைகொண்டு விரட்டப்படவுமில்லை. தொடக்கத்தில் ஊரவர் அனைவரதும் சம்மதம் வேண்டப்பட்டது. 1965ஆம் ஆண்டுத் திட்டத்தில் அது 90 வீதமாகவும், பின்னர் 80 வீதமாகவும் தளர்த்தப்பட்டது. குடும்பமொன்றுக்கு 1,000 டொலரும் ஆளொருவருக்கு 200 டொலரும் வழங்கப்பட்டன.

இங்கெழும் வினா, அச்சம்மதம் சுதந்திரமானதா என்பதே. அயலவர் புறப்பட்டு, ஆசிரியரும் நீங்கி, கடையும் மூடப்படும் நிலையில், எஞ்சியவன் இடும் கையொப்பத்தை விருப்பம் எனலாமா? வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, 'நீயே தெரிந்துகொண்டாய்' என்பது நீதியாகாது.

இழப்பீட்டுக் கணக்கில் அடங்காத மற்றொன்று அவர்தம் பேச்சு. தென்மேற்கு இங்கிலாந்திலிருந்தும் தென்கிழக்கு அயர்லாந்திலிருந்தும் வந்த முன்னோரின் ஆங்கிலம், அத்தீவில் ஊருக்கூர் வேறுபட்டு வளர்ந்தது. நீருள் மறைந்து நிற்கும் பாறை 'சன்கர்'. ஒடுங்கிய நீரிணை 'ரிக்கிள்'. கரையிற் படியும் பனிக்கட்டி 'பாலிகற்றர்'. இவை உயிர்காக்கும் அறிவைத் தாங்கிய சொற்கள். ஊர் பெயர்ந்த தந்தை அச்சொற்களை மறவாதிருக்கலாம். ஆயின், மகனுக்குச் சுட்டிக்காட்ட அந்தப் பாறை அங்கில்லை. 1982இல் நியூபவுண்ட்லாந்து ஆங்கில அகராதி வெளிவந்தது. அது அரும்பணியே. எனினும் அகராதி சொல்லைக் காக்குமேயன்றி, அச்சொல்லைக் கொண்டு படகு செலுத்திய வாழ்வை மீட்டுத்தராது.

மொழியைக் காக்கும்பொருட்டு ஒரு தாயை வைத்தியமின்றி இருக்கச் சொல்ல எமக்கு உரிமையில்லை. ஆனால், வசதிக்கு விலையாக ஊரைக் கேட்கும் அரசு, இழக்கப்படுவது யாதென இழப்போர் வாயாற் கேட்கக் கடமைப்பட்டது. அவர் கூற்று முடிவை மாற்றவும் இடமிருத்தல் வேண்டும். 80 வீதத்தினர் ஒப்பமிட்ட பின் எஞ்சிய 20 வீதத்தினரை அது எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டே அதன் அறத்தை அளத்தல் தகும்.