குடியை நிறுத்திய மூன்றாம் நாள்



தபசுகாலம் வந்தால் நமது பங்குகளில் ஒரு நல்ல வழக்கமுண்டு. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெற்றவுடனே, ‘இனிக் குடியைத் தொடமாட்டேன்’ என்று பீடத்தின் முன் வார்த்தைப்பாடு கொடுக்கும் குடும்பத் தலைவர்கள் அநேகர். அதை யாரும் குறைத்துப் பேசலாகாது. ஆனால் அதற்குப் பின்வரும் நாலைந்து நாட்களில் வீட்டில் என்ன நேரிடக்கூடும் என்பதைக் குடும்பத்தார் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். அறியாமையினால் உயிர்ச்சேதம் வரலாமாதலால் இதை எழுதுகிறோம்.

பல வருஷங்களாய் நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவனுடைய மூளை மதுவுக்குப் பழகிவிடுகிறது. மது மூளையை அமர்த்துகிறது. மூளையோ அதற்கு எதிராகத் தன் வேகத்தை ஏற்றிக்கொள்ளுகிறது. பாரவண்டியை மூச்சுப்பிடித்து இழுக்கிற மாட்டின் பூட்டாங்கயிற்றைச் சட்டென்று அறுத்தால், மாடு முன்னே பாய்ந்து விழுமல்லவா? மதுவைத் திடீரென்று நிறுத்தும்போது மூளைக்கும் அவ்விதமே நேரிடுகிறது.

கடைசியாய்க் குடித்து 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை உண்டாகும். அநேகருக்கு இவ்வளவோடு நின்று, ஒரு வாரத்துக்குள் குறையும். சிலருக்கு முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரும். வேறு சிலருக்கு 2-ம் நாள் முதல் 4-ம் நாளுக்குள் புத்தி தடுமாறும். காய்ச்சல் அடிக்கும். பெற்ற பிள்ளையையும் அடையாளம் தெரியாது. சுவரில் பாம்பு ஊருகிறது, உடம்பில் பூச்சி ஏறுகிறது என்று அலறுவார்கள். வைத்தியமின்றி விட்டால் இது மரணத்தில் முடியக்கூடும்.

இந்த நிலைமையைப் பார்த்து, ‘பசாசு பிடித்துவிட்டது’ என்று சொல்லி மந்திரிப்பவனிடம் ஓடுகிறவர்களும், கோவில் தூணில் கட்டி வைக்கிறவர்களும் உண்டு. சகோதரரே, அது பசாசல்ல; வியாதி. கட்டிப்போடுவதும் அறையில் பூட்டுவதும் அவனைக் கொல்லுவதற்குச் சமானம். உடனே 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம். வாயில் ஒன்றையும் வைக்க வேண்டாம். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

இதனினும் மேலானது முன்யோசனை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தால்தான் நடுக்கம் அடங்குகிறவர்களும், முன்னொருமுறை குடியை நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ கண்டவர்களும் தாங்களாகவே திடீரென்று நிறுத்தலாகாது. முதலில் வைத்தியரிடம் போகட்டும். வார்த்தைப்பாடு ஒரு வாரம் காத்திருக்கும். அங்கே மூளையின் வேகத்தைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாய்க் குறைப்பார்கள். பி-1 வைட்டமினும் ஊசியாய்ப் போடுவார்கள். ‘இதுவும் ஒரு போதைதானே’ என்று யாரும் இடறல்பட வேண்டாம். வைத்தியர் சொன்ன அளவில் மருந்து உட்கொள்வது வார்த்தைப்பாட்டை மீறுவதாகாது. ஆனால் அந்த மாத்திரைகளைக் கடையில் தாமாகவே வாங்கித் தின்பது ஆபத்து.

குடிவெறி பாவமல்லவா என்று கேட்பீர்கள். பாவந்தான். அதற்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு. நடுக்கமும் வலிப்புமோ சரீரத்தின் வியாதி. அதற்கு வைத்தியம் உண்டு. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. நல்ல சமாரித்தன் வழியில் கிடந்தவனைக் கண்டு, நீ ஏன் இந்த வழியாய் வந்தாய் என்று விசாரணை செய்யவில்லை. காயங்கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவையும் ஏற்றுக்கொண்டான்.

அமெரிக்காவில் ஆக்ரன் பட்டணத்து அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில் இக்னேஷியா என்னும் கன்னியாஸ்திரீ இருந்தார். ஆஸ்பத்திரிகள் குடியர்களைச் சேர்க்கத் தயங்கிய அக்காலத்தில், 1939-ம் வருஷம், டாக்டர் பாப் ஸ்மித் என்பவரோடு சேர்ந்து அவர்களுக்குப் படுக்கை கொடுக்கத் தொடங்கினார். அந்த டாக்டரும் குடியிலிருந்து மீண்டவரே. 1935-ல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். குணமாகிப் போகிறவர்களுக்கு அந்தச் சகோதரி திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுத்து, மறுபடி குடிக்க நினைத்தால் முதலில் இதைத் திருப்பித் தந்துவிட்டுக் குடியுங்கள் என்பாராம். முதலில் படுக்கையும் மருந்தும், பிறகு பதக்கம். அந்த வரிசையைக் கவனியுங்கள்.

நடுக்கம் நின்றதும் எல்லாம் முடிந்ததென்று எண்ண வேண்டாம். தூக்கக்குறைவும் எரிச்சலும் வாரக்கணக்கில் நீடிக்கும். குடியின் ஆசை மாதக்கணக்கில் வந்துபோகும். அந்நாட்களில் தாய்மார்களே, பழைய கணக்கை எடுத்துப் பேசாதிருங்கள். வேளாவேளைக்கு ஆகாரம் கொடுங்கள். மேற்படி சங்கத்தின் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன. அங்கே போகத் தைரியம் சொல்லுங்கள். விழுந்தால் மறுபடி வைத்தியரிடமும், மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்கும் கூட்டி வாருங்கள். திரும்பத் திரும்பக் குடித்து நிறுத்துகிறவனுக்கு ஒவ்வொரு முறையும் வேதனை அதிகமாகலாம். ஆகையால் தாமதிக்க வேண்டாம்.

சேசுநாதர் வியாதிக்காரரைத் தொட்டுக் குணமாக்கினார். அவருடைய கைகளாக நாம் ஒருவரையொருவர் தாங்குவோமாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு