வேலை போனதை யாரிடம் மறைக்கலாம்?

வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஒருவர் அடுத்த வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறார். "முந்தைய கம்பெனியை ஏன் விட்டீங்க?" என்று கேட்கிறார்கள். "நானாகத்தான் விலகினேன்" என்கிறார். அதே மனிதர் வேலை போன செய்தியை இரண்டு மாதமாக வீட்டிலும் சொல்லவில்லை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புகிறார், பகல் முழுவதும் ஏதாவது ஒரு நூலகத்திலோ பூங்காவிலோ இருந்துவிட்டு வழக்கமான நேரத்துக்குத் திரும்புகிறார்.

இந்த இரண்டு மறைப்பையும் நம் சமூகம் ஒரே தராசில் நிறுப்பதில்லை. நேர்காணலில் சொன்னது ஏமாற்று என்றும், வீட்டில் சொல்லாதது பாசம் என்றும் எடுத்துக்கொள்கிறது. குடும்பத்தின் நிம்மதிக்காக எல்லாவற்றையும் தனக்குள் விழுங்கிக்கொண்டவர் என்று பின்னாளில் அவரைப் பாராட்டவும் செய்கிறது. இந்தத் தீர்ப்பு தலைகீழானது. வீட்டில் மறைப்பதே பெரிய பிழை. நேர்காணலில் சொன்ன வாக்கியத்துக்கு அவரைவிட அதிகம் பொறுப்பேற்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

அந்த வாக்கியம் எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய அலுவலகங்களில் "உங்களை நீக்குகிறோம்" என்று இப்போது நேராகச் சொல்வது அரிது. ஒரு சின்ன மீட்டிங் ரூம். எதிரே ஹெச்.ஆர். ஒருவர், பக்கத்தில் மேனேஜர். லேப்டாப் திரையில் மூன்று வரி ஏற்கெனவே தயாராக இருக்கும்: சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன், இத்தனை ஆண்டு வாய்ப்பளித்ததற்கு நன்றி. "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும். இல்லேன்னா டெர்மினேஷன்தான். அப்புறம் வெளியே வேலை கிடைக்கிறது கஷ்டம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்." யோசிக்க ஒரு நாள் கேட்டால், இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்பார்கள். கையெழுத்துப் போட்டு அறையைவிட்டு வெளியே வருவதற்குள் அலுவலக மெயில் திறக்காது. அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இது கற்பனை இல்லை. 2017 ஜூலையில், ஒரு பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஹெச்.ஆர். ஊழியர், மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா செய்துவிட வேண்டும் என்று ஒருவரைத் தொலைபேசியில் நெருக்கும் ஒலிப்பதிவு நாடு முழுவதும் பரவியது. அந்த நிறுவனம் சேர்ந்த குழுமத்தின் தலைவர் ஆனந்த் மகிந்திரா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த உரையாடல் பதிவானதால் வெளியே வந்தது. பதிவாகாதவை எத்தனையோ.

நீக்குகிறோம் என்று நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடலாமே, எதற்கு இந்தச் சுற்றுவழி? எழுதினால் செலவு இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது. தொழில் தகராறு சட்டம், 1947-இன்படி, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டியிருந்தது. அதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டியிருந்தது. எட்டு ஆண்டு உழைத்தவருக்கு அது 120 நாள் ஊதியம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் இந்த இழப்பீட்டை வைத்திருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணமில்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது. அனுப்பினால் மேல்முறையீடு செய்யவும் வழி வைத்திருக்கிறது. "நானாகவே விலகுகிறேன்" என்று ஊழியரே எழுதிக் கொடுத்துவிட்டால் இழப்பீடும் இல்லை, காரணம் காட்டும் கடமையும் இல்லை. மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதிடலாம்தான். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில் வந்து உட்காரும்.

2015 ஜனவரியில் சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் நீக்க ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர் கையில் ஆணை என்று ஒரு தாள் இருந்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்தவரிடம் எதிர்த்து வழக்காட அப்படி ஒரு தாள்கூட இருப்பதில்லை.

ஆக, முதல் பொய் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களால் தயாரிக்கப்பட்டது. வயிற்றுப்பாட்டையும் எதிர்காலத்தையும் காட்டி அதன் கீழே ஒருவரின் கையெழுத்தை வாங்கியிருக்கிறார்கள். நேர்காணலில் அவர் திருப்பிச் சொல்வது அவர்கள் எழுதிய வாக்கியத்தை. இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. உண்மையைச் சொல்ல அவர் துணிந்தாலும் ஆவணம் அவருக்கு எதிராகப் பேசும். "என்னை அனுப்பிவிட்டார்கள்" என்று சொல்பவரின் ரிலீவிங் லெட்டரில் "ராஜினாமா" என்று இருந்தால், பின்னணிச் சரிபார்ப்பில் முரண்பாடு என்று குறிக்கப்படுவது அவருடைய பெயர்தான்.

அப்படியானால் வேலை தேடுபவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா? பொய் சொல்லும் உரிமை பற்றி 1797-இல் இம்மானுவேல் காண்ட்டுக்கும் பெஞ்சமின் கான்ஸ்டன்ட்டுக்கும் நடந்த விவாதம் மெய்யியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். உண்மையைப் பெறும் உரிமை உள்ளவரிடம் மட்டுமே உண்மை சொல்லும் கடமை உண்டு என்றார் கான்ஸ்டன்ட். ஒளிந்திருப்பவர் எங்கே என்று கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் கூடாது என்று காண்ட் மறுத்தார். வேலை இழந்தவருக்குக் காண்ட்டின் அளவுகோலைப் பிடிப்பது இரக்கமற்றது. கான்ஸ்டன்ட்டின் அளவுகோலைப் பிடித்தாலும் அது அவரை முழுதாக விடுவித்துவிடாது. எதிரே இருப்பவருக்கு எந்த உண்மையின் மேல் உரிமை இருக்கிறது என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

வேலைக்கு எடுப்பவருக்கு வேலையைப் பற்றிய உண்மையில் முழு உரிமை உண்டு. என்ன தெரியும், எத்தனை ஆண்டு செய்தார், எதைச் செய்ய முடியாது என்பதில் எள்ளளவும் பொய் கூடாது. போலி அனுபவச் சான்றிதழ் வாங்குவதை இந்தக் கட்டுரை எந்தச் சூழலிலும் நியாயப்படுத்தாது. இல்லாத கம்பெனியில் இரண்டு ஆண்டு வேலை பார்த்ததாகத் தாள் தயாரித்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவசரத்தில் அவர்களிடம் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஏமாறுவது நிறுவனம் என்று நினைப்பது தவறு. அதே வேலைக்கு உண்மையான தாளோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு வேலையற்றவரின் வாய்ப்புதான் அங்கே பறிபோகிறது. அவர் வீட்டிலும் வாடகை நிற்கிறது.

பிறர் உயிரையோ பணத்தையோ தொடும் குற்றத்துக்காக நீக்கப்பட்டவர் நிலையும் வேறு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக அனுப்பப்பட்ட ஓட்டுநர் பள்ளி வேன் ஓட்ட வருகிறார் என்றால், அந்த உண்மை அவர் மட்டும் வைத்துக்கொள்ளும் சொத்து இல்லை. அந்த வேனில் ஏறும் குழந்தைகளுக்கு அது உரியது. கல்லாப்பெட்டியில் கை வைத்ததாக விசாரணையில் உறுதியானவர் மறுபடி கல்லாவில் உட்கார வந்தால் சொல்லியாக வேண்டும். அல்லது பணம் புழங்காத வேலையைத் தேட வேண்டும். இப்படிப்பட்டவருக்கும் மறுவாழ்வு வேண்டும், அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. அந்த மறுவாழ்வின் அபாயத்தை ஏதுமறியாதவர் தலையில் கட்டக் கூடாது, அவ்வளவே.

பெரும்பாலானவர்கள் இந்த வகையில் சேராதவர்கள். மேலாளரோடு ஒத்துப்போகவில்லை, பிராஜெக்ட் முடிந்து வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் உட்கார நேர்ந்தது, சம்பளம் கூடிவிட்டது, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்தக் காரணங்களைப் புதிய முதலாளியிடம் விவரிக்கும் கடமை யாருக்கும் இல்லை. "அங்கே ஆள் குறைத்தார்கள், நானும் அதில் வந்தேன்" என்று சொல்ல முடிந்தால் சொல்வதே நல்லது. நாளை தடுக்கி விழ வேண்டியதில்லை. 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியபோதும், 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபோதும் வேலை இழந்தவர்களை யாரும் திறமையில்லாதவர்கள் என்று பேசவில்லை. ஆலை இயங்கிக்கொண்டிருக்க ஒருவரை மட்டும் அனுப்பினால்தான் "இவரிடம் ஏதோ கோளாறு" என்று ஊர் முடிவு கட்டுகிறது. அந்த முடிவுக்குப் பயந்துதான் வாய் கூசுகிறது. சொல்லத் துணியாதவரைப் பொய்யர் என்று ஒதுக்க அந்த முடிவைக் கட்டியவர்களுக்குத் தகுதி கிடையாது.

வீட்டுக் கதை இப்படியில்லை. மனைவி, கணவன், பெற்றோர், வளர்ந்த பிள்ளைகள் ஆகியோருக்கு அந்த உண்மையின் மேல் முழு உரிமை இருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு நாளும் எடுக்கும் முடிவு அந்தச் சம்பளத்தை நம்பியது. சொல்லாமல் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? மனைவி புதுச் சீட்டு ஒன்றில் சேர்கிறார். தங்கை கல்யாணத்துக்கு இவ்வளவு செய்கிறோம் என்று மாமியாரிடம் வாக்குக் கொடுக்கிறார். மகனுக்கு அடுத்த ஆண்டு பெரிய பள்ளியில் இடம் பேசி அட்வான்ஸ் கட்டுகிறார்கள். கடைசியில் எல்லாச் சுமையும் ஒரே நாளில் மனைவியின் நகைமேல் வந்து விழுகிறது. முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டார். அவருடைய பணத்தையும் அவருடைய வாக்கையும் அவருக்குத் தெரியாமலே பணயம் வைத்த செயல் இது.

இதைவிடக் கடுமையான ஒன்று உண்டு. நிறுவனம் எடுத்துத் தரும் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாக ஊழியரின் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடுகிறது. அதில் சேர்க்கப்பட்டிருந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லோருக்கும் அன்றோடு பாதுகாப்பு போகிறது. பீரோவில் கார்டு இருக்கும். அது செல்லாது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும். நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது. மகள் கார்டை எடுத்துக்கொண்டு ஓடி, மருத்துவமனை கவுன்ட்டரில் நீட்டுகிறாள். கணினியைப் பார்த்துவிட்டு, "இந்த பாலிசி போன மாசமே முடிஞ்சிடுச்சும்மா, டெபாசிட் கட்டணும்" என்கிறார்கள். வேலை போனதை அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவள் அறிய வேண்டியிருக்கிறது. குழுக் காப்பீட்டிலிருந்து வெளியேறுபவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதிகளில் இடமுண்டு. வெளியேறும் சமயத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், பிரீமியம் கட்ட வேண்டும். வேலை போனதே தெரியாத வீட்டில் அந்தப் பேச்சை யார் எடுப்பார்கள்?

குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் விட்டுக்கொடுத்திருப்பதை இங்கே துணைக்கு அழைப்பார்கள். அவர் வைத்த நிபந்தனை மிகவும் கடினமானது. குற்றத்தின் நிழல்கூட அந்த நன்மையில் இருக்கக் கூடாது. செல்லாத கார்டோடு மகளை மருத்துவமனைக்கு ஓடவிட்ட மௌனம் அந்த நிபந்தனைக்குள் எப்படி அடங்கும்?

மறைப்பவரின் மனத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் ஆணின் மதிப்பைச் சம்பளத்தோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறோம். பெண்ணுக்கு வேலை போனால், "நல்லதாப் போச்சு, வீட்டைப் பார்த்துக்கோ" என்று மறுபடி வேலை தேடும் வழியையே அடைப்பவர்களும் உண்டு. பகலில் வாசலில் நிற்பவரைப் பார்த்ததும் "என்ன, இன்னிக்கு லீவா?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் மூன்றாம் நாளும் அந்தக் கேள்வி வரும்போது மனிதர் கூனிக் குறுகிப் போகிறார். ஆகவே உண்மையைச் சொல்லும் கடமை ஒருவருக்கு இருந்தால், கேட்டதும் குத்திக்காட்டாமல் இருக்கும் கடமை குடும்பத்துக்கு இருக்கிறது. "உன் கூடப் படிச்சவன் எங்கேயோ போயிட்டான்" என்று அந்த மாதத்தில் பேசும் வீடு, அடுத்த முறை உண்மை வராதபடி தானே கதவைச் சாத்திக்கொள்கிறது.

வேலை மறுபடி கிடைப்பதும் பெரும்பாலும் சொல்வதில்தான் தொடங்குகிறது. ஆளெடுக்கிறார்கள் என்ற தகவல் பழைய சகஊழியர், கல்லூரி நண்பர், மைத்துனரின் முதலாளி என்று மனிதர்கள் வழியாகவே அதிகம் வருகிறது. வேலை போனதே வெளியே தெரியாத ஒருவருக்கு யாரும் வேலை சொல்ல மாட்டார்கள்.

பழைய நிறுவனத்தின் பொறுப்பு ரிலீவிங் லெட்டரோடு முடிவதில்லை. புதிய இடத்திலிருந்து விசாரித்து போன் வரும்போது, "ஆள் கொஞ்சம் பிரச்சனை" என்று இழுத்துச் சொல்லும் மேலாளர் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கிறார். குற்றம் செய்திருந்தால் மெமோ கொடுத்து, பதில் கேட்டு, விசாரணை நடத்தி எழுத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும். எழுத்தில் தரத் துணியாததைப் போனில் சொல்ல அவருக்கு உரிமையில்லை.

வேலைக்கு ஆளெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் ஏன் விட்டீர்கள் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, என்ன செய்யத் தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும். வேலை போனவர்கள் அன்று இரவே வீட்டில் சொல்லிவிட வேண்டும். ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால், வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ பார்க்க ஒரு நாள் அவகாசம் கேட்க வேண்டும். அனுப்புவதானால் அதை எழுத்தில் தரும்படி சொல்ல வேண்டும். தாமதிக்கவும் கூடாது: பணிநீக்கத்தை எதிர்த்து ஒரு தொழிலாளர் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு இருந்த காலவரம்பு, புதிய தொகுப்புச் சட்டத்தில் இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது.