கழித்த பிறகு மிச்சம் என்ன?

விடுமுறைக்கு நாலு இளைஞர்கள் தோட்டத்துல ஒண்ணு கூடினா போதும், பேச்சு எப்படியும் கிரிக்கெட்டுக்கு வந்துடும். சச்சினா, கோலியா? பிராட்மேனை இதுல சேர்க்கணுமா, வேணாமா? இத்தனைக்கும் நம்ம கேமரன் மலையில கிரிக்கெட் ஆட இடம் கிடைக்கிறதே கஷ்டம். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரைக்கும் சரிவுதான். சமமா ஒரு திடல் இருந்தா அதுவும் காற்பந்துக்குப் போயிடும். ஆனா வாதம் மட்டும் ஓயாது.

எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் என்று ஒருவரை எதை வைத்துச் சொல்கிறோம்? யோசித்துப் பார்த்தால் இது வெறும் விளையாட்டுக் கேள்வி இல்லை. ஒரு மனிதனின் உழைப்பை எப்படி அளப்பது என்ற கேள்வியும் இதுக்குள்ள இருக்கு.

வரலாற்றில் இடம் பிடிப்பது வேறு, பெரிய ஆட்டக்காரர் ஆவது வேறு. 1932-இல் இந்தியா லார்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் டெஸ்ட்டை ஆடியபோது, அந்த அணியில் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் இருந்தார். நமக்கு அது பெருமைதான். ஆனால் அவர் ஆடியது அந்த ஒரே டெஸ்ட். வரலாறு அவரை மறக்காது, ஆனா மாபெரும் ஆட்டக்காரர் வரிசையில் யாரும் அவரை வைக்க மாட்டாங்க.

அப்போ எண்ணிக்கைதான் அளவா? இதைச் சோதிக்க முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்வோம். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். நம்ம தாத்தா பாட்டிகள் கப்பலேறி இந்தப் பக்கம் வந்த அதே வெள்ளைக்காரன் காலத்துக் கதை. அந்தப் பேரன் 133 டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்தார். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. இரண்டாவது இடத்தில் ஷேன் வார்ன், 708.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எடையைப் பத்திச் சொல்லித் தர வேண்டியதில்லை. பறிச்ச கொழுந்தை நிறுத்துப் பார்ப்பாங்க. ஆனா கிலோ மட்டும் முழுக்கதையைச் சொல்லாது. முற்றின இலையும் காம்பும் சேர்ந்தாலும் எடை ஏறும். லேசான சரிவில் இயந்திரம் வைத்து வெட்டின ஐம்பது கிலோவும், செங்குத்தான சரிவில் ஆள் நின்று வெட்டின ஐம்பது கிலோவும் தராசுக்கு ஒண்ணுதான். நிறுத்தவருக்கு வித்தியாசம் தெரியாது. சரிவில் நின்றவருக்குத் தெரியும்.

அதனால் என் அளவுகோல் கூட்டல் இல்லை, கழித்தல். எதையெல்லாம் கழிக்கலாமோ அதையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

முரளியைக் குறை சொல்பவர்கள் முதலில் கேட்பது இது: "பங்களாதேஷையும் ஜிம்பாப்வேயையும் அடிச்சு எடுத்த விக்கெட்தானே?" சரி, கழிப்போம். அந்த இரண்டு அணிகளுக்கு எதிரான 176 விக்கெட்டை எடுத்துவிட்டால் 108 டெஸ்ட்டில் 624. ஒரு டெஸ்ட்டுக்கு ஏறக்குறைய ஆறு. கழித்த பிறகும் மலை மலையாத்தான் நிக்குது.

அடுத்த குறை: "சொந்த மண்ணுல சுழலும், வெளியே போனா?" இதில் நியாயம் இருக்கு. ஆஸ்திரேலியாவில் 5 டெஸ்ட்டில் 12 விக்கெட்தான், ஒவ்வொன்றுக்கும் 75 ஓட்டம் கொடுத்திருக்கிறார். இந்தியாவிலும் அவர் சாதாரணம்தான். ரசிகனாக இருப்பவன் இதை மறைக்கக் கூடாது. ஆனால் 1998-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்ட்டில் 16 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இலங்கைக்கு முதல் டெஸ்ட் வெற்றியை வாங்கித் தந்ததும் இதே ஆள்தான்.

மூன்றாவது குறைதான் கடினமானது. 1995 டிசம்பர் 26, மெல்பர்ன். பந்தை வீசாமல் எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை 'நோ பால்' கொடுத்தார். 2004-இல் ஆஸ்திரேலியப் பிரதமரே அவரை எறிபவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். திருட்டுப் பட்டம் மாதிரி இது. விக்கெட் கூடக் கூடச் சந்தேகமும் கூடும்.

பொறியியல் படிக்கிற எனக்கு இங்கேதான் முரளி பெரிய ஆளாகத் தெரிகிறார். அவர் கத்தவில்லை, ஓடி ஒளியவும் இல்லை. "அளந்து பாருங்க" என்று திரும்பத் திரும்ப ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பிறவியிலேயே அவருடைய முழங்கை முழுசா நிமிராது. மற்ற வீச்சாளர்களையும் அளந்தபோது, சுத்தமான வீச்சு என்று எல்லாரும் நம்பியவர்களின் கையும் ஓரளவு நிமிர்வது தெரிந்தது. வெறும் கண்ணால் அதைப் பிடிக்க முடியாது. 2005 முதல் எல்லாருக்கும் 15 டிகிரி என்று ஒரே வரம்பு வந்தது. அவருக்காகவே விதியை வளைச்சாங்க என்பவர்கள் இன்னும் உண்டு. ஆனால் வேக வீச்சாளருக்கு ஒரு அளவு, சுழல் வீச்சாளருக்கு அதைவிடக் குறைந்த அளவு என்று இருந்த பழைய விதியைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து.

கடைசியாக, அந்த 800-ஐப் பாருங்கள். 2010 ஜூலை, காலி மைதானம், இந்தியாவுக்கு எதிரான தொடர். கையில் 792 இருக்கும்போதே, முதல் டெஸ்ட்டோடு விலகுவேன் என்று அறிவித்துவிட்டார். எட்டு விக்கெட் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தந்தது? எண்ணிக்கைதான் குறி என்றால் இன்னும் இரண்டு டெஸ்ட் ஆடியிருக்கலாமே! அவர் நாளைத்தான் முதலில் குறித்தார். தன் கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தினார், 800 வந்து சேர்ந்தது.

இன்னொன்றும் பேசியாக வேண்டும். அவருடைய அரசியல் பேச்சுகள் பல தமிழர்களைக் காயப்படுத்தியிருக்கு. 2020-இல் அவருடைய வாழ்க்கைப் படத்துக்கு எதிர்ப்பு கிளம்பி, விஜய் சேதுபதி அதிலிருந்து விலகினார். அந்தக் கோபத்தை நான் சின்னதாகப் பேசமாட்டேன். ஆனால் ஒருவரின் ஆட்டத்தை மதிப்பதால் அவர் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்றில்லை. அவர் பேச்சு பிடிக்கவில்லை என்பதால் 624-ஐ அழிக்கவும் முடியாது. இரண்டையும் தனித்தனியாக நிறுக்கத் தெரியணும். நம்ம ஆள் என்பதற்காகத் தூக்குவதும் தப்பு, நம்ம கருத்துக்கு எதிராளி என்பதற்காகத் தாழ்த்துவதும் தப்பு.

எஸ்பிஎம்-இல் எத்தனை 'ஏ', பல்கலைக்கழகத்தில் என்ன புள்ளி, முதல் சம்பளம் எவ்வளவு என்றுதான் நம்மையும் நிறுக்கிறார்கள். நிறுக்கட்டும், தராசு மேல் கோபம் வேண்டாம். ஆனா நாமே நம்மை நிறுக்கும்போது கழித்துப் பார்ப்போம். சுலபமாகக் கிடைத்ததைக் கழி. சாதகமான இடத்தில் வந்ததைக் கழி. சந்தேகப்பட்டவர் முன்னால் கையை நீட்டி "அளந்து பாருங்க" என்று சொல்ல முடியுமா என்று கேள். அதுக்கப்புறமும் மிச்சம் இருக்கிறதே, அதுதான் நம்முடையது.